கம்ப்யூட்டர் பாடம்: பிள்ளையின் கை பட வேண்டாமா?



எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் மகள் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துப் படித்தாள். புரோகிராம் எல்லாம் மனப்பாடம். ரெக்கார்டு நோட்டில் முத்து முத்தாக எழுதியிருந்தாள். ஆனால் செய்முறைத் தேர்வு அன்று கீபோர்டில் எழுத்தைத் தேடவே நேரம் போய்விட்டது. "வருசம் பூரா நாலு தடவைதாம்மா கம்ப்யூட்டரைத் தொட்டேன்" என்று அழுதாள். திண்ணையில் உட்கார்ந்து நீச்சல் பழக முடியுமா?

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் என்ன?

டைப் அடிப்பது மட்டும் அல்ல. ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்து, கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுதுவது. நம்ம குழுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கடன் பாக்கி 5,000 ரூபாய். மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி என்றால் 50 ரூபாய். தவணை தவறியிருந்தால் அபராதம் 10 ரூபாய் சேர்க்கணும். தவறவில்லை என்றால் வேண்டாம். இந்தக் கணக்கை இதே வரிசையில் கம்ப்யூட்டருக்குச் சொன்னால் அதுதான் புரோகிராம். அதை எழுத 2019-இல் வந்த பிளஸ் டூ பாடப்புத்தகத்தில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி சேர்க்கப்பட்டது.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் தப்பு வரும். அந்தத் தப்பைத் தேடித் திருத்தும்போதுதான் பாடம் மனசில் ஏறும். நோட்டைப் பார்த்து எழுதினால் தப்பும் தெரியாது, பாடமும் ஏறாது.

பள்ளியில் என்ன கேட்கலாம்?

1. பிள்ளைகளை லேப்புக்கு வாரம் எத்தனை பீரியட் அழைத்துப் போகிறார்கள்?
2. எத்தனை கம்ப்யூட்டர் வேலை செய்கிறது? பழுதானதைச் சரிசெய்ய எழுதிக் கொடுத்தாச்சா?
3. ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பிள்ளைகள்? நம்ம பெண் பிள்ளைகளும் மாறி மாறி உட்காருகிறார்களா, பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறார்களா?
4. கம்ப்யூட்டர் ஆசிரியர் இருக்கிறாரா?

யாரிடம் கேட்பது?

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும் இந்தக் குழு உண்டு. நம் குழுவில் தீர்மானம் எழுதுவது போலவே அங்கேயும் எழுத வைக்கலாம். வாயால் சொன்னது மறந்துபோகும், நோட்டில் ஏறியது நிற்கும். அடுத்த கூட்டத்தில் "போன தீர்மானம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள்.

நமக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே என்று தயங்க வேண்டாம். கணக்குக் கேட்க நமக்குத் தெரியும், அது போதும்.