மலையை மறைக்குமா, ராத்திரியை வெளுக்குமா? கட்டடம் வரும் முன்னே போட வேண்டிய கணக்கு

இந்த எபிசோட்ல கொஞ்சம் சட்டம், கொஞ்சம் கணக்கு, மீதியெல்லாம் வேடிக்கை பார்க்கிறது.

பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு பக்கம் வந்திருக்கீங்களா? ஆந்திரா எல்லையை ஒட்டின ஊருங்க. சுத்தி மலைங்க. திருத்தணி முருகன் உட்கார்ந்திருக்கிறதும் மலை மேலதான். இங்க ரோட்டோரமா 12 மாடியில ஒரு கட்டடம் வரப்போகுதுன்னு சும்மா கற்பனை பண்ணிக்கோங்க. நாம ரெண்டு கேள்வி கேட்கணும். பகல்ல அது எதை மறைக்கும்? ராத்திரியில எதை வெளிச்சமாக்கும்?

இதை அரசாங்கமும் கேட்குது. 2006-ல வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் இருக்கிற கட்டடங்களுக்கு முன் அனுமதி வேணும். அதுக்கான படிவம் 1-ல, சத்தம், அதிர்வோட சேர்த்து வெளிச்சத்தைப் பத்தியும் ஒரு பகுதி இருக்கு. படிவம் 1ஏ-ல அழகியல்னு தனித் தலைப்பே உண்டு. இந்தக் கட்டடம் ஏதாவது காட்சியை, நிலத்தோற்றத்தை மறைக்குமா, அதை யோசிச்சீங்களான்னு கேட்குது.

நல்ல கேள்விதான். ஆனா எங்க நின்னு பார்க்கணும், எப்படி அளக்கணும்னு அது சொல்றதில்ல. ஒரே வரியில பதில் எழுதிட்டுக் கடந்து போயிடலாம். அதோட, இந்தக் கட்டடப் பிரிவுக்குப் பொதுவா மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் கிடையாது. அதனால அந்த ஒரு வரிக்கு ரொம்ப வெயிட் இருக்கு. அதை எப்படிச் சரிபார்க்கிறது?

முதல்ல பகல். ஒரு புள்ளியில இருந்து இன்னொரு புள்ளிக்கு நேர்க்கோடு போட்டா நடுவுல மேடு குறுக்க வருதா? நம்ம கேம்ல எதிரி தெரியுறானான்னு பார்க்கிற அதே லாஜிக். 2000-ல விண்வெளி ஓடத்துல இருந்து ரேடார் மூலமா எடுத்த நிலமட்டத் தரவு, ஏறக்குறைய 30 மீட்டர் கட்டங்களா, இலவசமாவே கிடைக்குது. அதை கியூஜிஐஎஸ் மென்பொருள்ல போட்டா, கட்டடம் எங்கெங்க இருந்து தெரியும்னு மேப்பே வந்துடும். அதுல மரமும் வீடும் சரியா வராது. அதனால மேப்பை எடுத்துக்கிட்டு நேர்லயும் போய்ப் பார்க்கணும்.

அடுத்து, யார் பார்க்கிறாங்க? லாரி ஓட்டிட்டுப் போறவர் ஒரு செகண்ட் பார்ப்பார். படியேறுற பக்தர் நின்னு நிதானமா பார்ப்பார். மாடியில துணி காயப்போடுற அக்கா தினமும் பார்ப்பாங்க. பிரிட்டன்ல 2013-ல வந்த வழிகாட்டியின் மூணாவது பதிப்பும் இதைத்தான் சொல்லுது: மாற்றம் எவ்வளவு பெருசுங்கிறதையும், பார்க்கிறவங்களுக்கு அது எவ்வளவு முக்கியம்ங்கிறதையும் சேர்த்து எடை போடணும்.

அளவுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. கையை நீட்டி கட்டைவிரலைப் பார்த்தா அதோட அகலம் சுமார் 2 டிகிரி. 36 மீட்டர் உயரக் கட்டடம் 1 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதே 2 டிகிரிதான். விரலை மலை மேல வெச்சுப் பாருங்க, எவ்வளவு மறையும்னு தெரியும். யாராவது மாதிரிப் படம் காட்டினா, எந்த லென்ஸ்ல எடுத்ததுன்னு கேளுங்க. வைட் ஆங்கிள்ல எடுத்தா தூரத்துக் கட்டடம் சின்னதாத்தான் தெரியும்.

இப்போ ராத்திரி. வெளிச்சத்தால மூணு தொல்லை: கண் கூசுறது, பக்கத்து வீட்டு ஜன்னல்ல போய் விழுறது, வானத்தையே வெளுக்க வைக்கிறது. சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 2017-ல ஒரு வழிகாட்டி வெளியிட்டுச்சு. வெளிச்சம் கம்மியான கிராமப்புறத்துல ஜன்னல் மேல 5 லக்ஸுக்கு மேல விழக்கூடாது, ஊர் தூங்குற நேரத்துல 1 லக்ஸுக்கு மேல கூடாதுன்னு அதுல இருக்கு. பௌர்ணமி நிலாவே தோராயமா கால் லக்ஸ்தான்.

வானம் வெளுக்கிறது பக்கத்து வீட்டோட நிக்காது. சிலி நாட்டு பரனால் மலையில ஐரோப்பியத் தெற்கு வான்காணகம் இருக்கு. அங்க இருக்கிற தொலைநோக்கிகள்ல இருந்து 5 முதல் 11 கிலோமீட்டர்ல, 3,000 ஹெக்டேருக்கு மேல ஒரு ஹைட்ரஜன் தொழில் வளாகம் கட்ட ஒரு திட்டம் வந்துச்சு. 2025 மார்ச்ல வான்காணகம் தன் கணக்கை வெளியிட்டுச்சு: பெரிய தொலைநோக்கிக்கு மேல ஒளி மாசு குறைஞ்சது 35 சதவீதம் கூடும். இருக்கிறதுலயே நல்ல விளக்குகளைச் சரியா பொருத்தினாலும் இந்த நிலைதான்.

நமக்கும் காவலூர் இருக்கு. இருட்டான வானம் வேணும்னுதான் வேணு பாப்பு 1960-கள்ல ஜவ்வாது மலையைத் தேடிப் போனார். 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்க வேலை செய்யுது. சுத்தி இருக்கிற ஊர்கள் ராத்திரியில எவ்வளவு ஒளியை மேல வீசுதோ, அவ்வளவு மங்கின நட்சத்திரங்கள் அதுக்குக் கிடைக்காமப் போகும்.

இப்படிச் சொன்னதும் வெளிச்சமே வேண்டாம்னு எடுத்துக்காதீங்க. டிசம்பர் 31 ராத்திரி திருத்தணியில திருப்படித் திருவிழா. படியெல்லாம் ஜனம் ஏறும்போது விளக்கு கண்டிப்பா வேணும். படிக்கு வேண்டிய வெளிச்சம் படியில விழணும், அவ்வளவுதான். மேல மூடி போட்ட விளக்கு, 3000 கெல்வினுக்குக் கீழ மஞ்சள் நிறம், வேலை முடிஞ்சதும் அணையுற டைமர். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் காத்துல அதிகமாச் சிதறும், அதனாலதான் மஞ்சள்.

கடைசியா முக்கியமான விஷயம். சாஃப்ட்வேர்ல ஒரு மாற்றத்தைப் போடுறதுக்கு முன்னாடி, இப்போ சிஸ்டம் எப்படி ஓடுதுன்னு அளந்து வெச்சுக்குவோம். அது இல்லன்னா, எது மோசமாச்சுன்னு அப்புறம் நிரூபிக்க முடியாது. இருட்டும் அப்படித்தான். கட்டின பிறகு பழைய ராத்திரியை யாராலயும் அளக்க முடியாது. மலை எப்படித் தெரிஞ்சதுன்னு சொல்ல ஒரு போட்டோகூட இருக்காது.

அதனால உங்க ஏரியாவுல பெரிய கட்டடம் வருதுன்னு தெரிஞ்சா, பரிவேஷ் இணையதளத்துல அதோட விண்ணப்பத்தைத் தேடி, அழகியல் பகுதிக்கு என்ன பதில் எழுதியிருக்காங்கன்னு படிங்க. நாலு இடத்துல நின்னு, பகல்ல ஒண்ணு, ராத்திரியில ஒண்ணுன்னு போட்டோ எடுங்க. தேதி, இடம், லென்ஸ் குறிச்சு வைங்க. லக்ஸ் மீட்டர் கிடைச்சா ஜன்னல் ஓரம் அளந்து வைங்க. குறைஞ்ச வெளிச்சத்துக்கு போன் ஆப் சரிப்படாது. இவ்வளவையும் குழி தோண்டுறதுக்கு முன்னாடி செஞ்சுடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.