பாதாளத் தவளையும் ஐப்பசி மழையும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் திருமலைராயன்பட்டினத்து வயல்களிலும் வாய்க்கால்களிலும் இரவெல்லாம் தவளைகளின் கச்சேரிதான். கடற்கரைச் சமவெளியில் வாழும் நமக்கு இது பழகிப்போன ஓசை. அதே மழையை எதிர்பார்த்து, மேற்கு மலைச்சரிவில் இன்னொரு தவளையும் காத்திருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்களா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகள் என்றதும் சோலைமந்தியும் கருமந்தியும் நினைவுக்கு வரும். இவ்விரண்டும் உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. ஆனால் அக்காட்டின் மிகப் பழைய குடிகளுள் ஒன்றைக் காண மரத்தை அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. அது காலடி மண்ணுக்குள் இருக்கிறது. கேரளத்தில் அதைப் பாதாளத் தவளை என்பார்கள். ஆண்டுக்கொருமுறை வெளிவருவதால் மாவேலித் தவளை என்றும் பெயர். பொருத்தமான பெயர்தான்!

ஊதா நிறம், உப்பிய உடல், சின்னஞ்சிறு கண்கள், பன்றியினுடையதைப் போன்ற கூரிய மூக்கு. அழகு என்று சொல்வதற்கில்லை. பின்னங்கால்களை மண்வெட்டிபோல் பயன்படுத்தி மண்ணைத் தோண்டி இறங்கி, நிலத்தடியிலேயே கறையான்களைத் தின்று வாழ்கிறது. ஆண் தவளை குரல் கொடுப்பதுகூட மண்ணுக்குள் இருந்தபடியேதான். இனப்பெருக்கத்திற்காக மட்டும் ஆண்டில் ஒருசில நாட்கள் மேலே வரும்.

இடுக்கி மாவட்டத்தில் கிடைத்த இத்தவளையை எஸ். டி. பிஜுவும் பெல்ஜிய அறிஞர் பிராங்கி போசுயிட்டும் 2003-ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்து, நாசிகாபட்ராகஸ் சகியாட்ரென்சிஸ் எனப் பெயரிட்டனர். நாசிகா என்றால் மூக்கு. சஹ்யாத்ரி மலையின் பெயரும் அதில் இருக்கிறது. அதன் மரபணுவை ஆராய்ந்தபோதுதான் வியப்பு காத்திருந்தது. அதன் நெருங்கிய உறவினர்கள் இந்தியாவில் இல்லை. கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் வாழும் சிறு தவளைகளே அவை.

தவளையின் தோல் மெல்லியது. உப்பு நீர் பெரும்பாலான தவளைகளுக்கு நஞ்சுக்கு ஒப்பானது. பின் எப்படி அவை இந்துமாக்கடலைக் கடந்தன? கடக்கவில்லை. ஒரு காலத்தில் இந்தியாவும் செஷல்ஸும் கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் பகுதிகள். கண்டம் பிளந்தது. ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் செஷல்ஸ் பின்தங்கிவிட, இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியது. நிலம் பிரிவதற்கு முன்பே, டைனோசர்கள் உலவிய காலத்திலேயே, இவ்விரு தவளைக் குடும்பங்களும் கிளை பிரிந்துவிட்டன. தவளை இருந்த இடத்திலேயே இருந்தது. நிலம்தான் பயணம் செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தமிழ்நாட்டுக் கதைக்கு வருவோம். இடுக்கித் தவளை தென்மேற்குப் பருவமழையை ஒட்டி முட்டையிடுகிறது. மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில், அம்மழை அதிகம் எட்டுவதில்லை. அங்கே கிடைத்த தவளைகள் நம் ஊருக்கு மழை தரும் வடகிழக்குப் பருவக்காற்றின்போது இனப்பெருக்கம் செய்வதை ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, இது தனி இனமே என 2017-ஆம் ஆண்டு அறிவித்தனர். 2014-ஆம் ஆண்டு மறைந்த கோவை ஆய்வாளர் பூபதியின் நினைவாக நாசிகாபட்ராகஸ் பூபதி எனப் பெயர் சூட்டினர். ஒரே மலைத்தொடர், இரு சரிவுகளுக்கு இரு மழைக்காலங்கள், அவற்றிற்கேற்ப இரு தவளைகள்!

இவ்வினங்களின் உயிர்நாடி மலையோடைதான். மழையில் ஓடை பெருகியதும் பெண் தவளை பாறை இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நம் குளத்துத் தலைப்பிரட்டைகளைப் போல இவற்றின் குஞ்சுகள் நிலைநீரில் நீந்தித் திரிவதில்லை. உறிஞ்சுவாயால் பாறையை இறுகப் பற்றிக்கொண்டு, வெள்ளத்தின் வேகத்தில் அடித்துச் செல்லப்படாமல், பாறைமேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கின்றன. தவளையாக மாறி மண்ணுக்குள் இறங்க ஏறக்குறைய 100 நாட்கள் ஆகும். அதுவரை ஓடையில் நீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். தடுப்பணை கட்டி நீரைத் திருப்பினாலோ, சரிவில் காடழிந்து ஓடை விரைவில் வற்றினாலோ, அவ்வாண்டுத் தலைப்பிரட்டைகள் பாறையிலேயே காய்ந்துபோகும். தாய்த் தவளைகள் மண்ணுக்குள் அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.