மழைக்காலம் முழுக்க நின்ற ஸ்கூட்டரை மீண்டும் எடுக்கும் முன்

 

பனி விழும் நாடுகளில் குளிர்காலம் வந்தால் ஸ்கூட்டரைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, வெயில் வந்த பிறகுதான் வெளியே எடுப்பார்கள். நமக்குப் பனி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாமல்லபுரம், கோவளம், கல்பாக்கம் கரையோரத்தில் புயலும் மழையும் மாறி மாறி வரும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகில்தான் கரையைக் கடந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன.

இந்த மாதங்களில் பல வீடுகளில் ஸ்கூட்டர் ஓரமாக நின்றுவிடுகிறது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன பிள்ளையின் வண்டி என்றால் ஒரு வருடம்கூட அசையாமல் நிற்கும். பிறகு ஒரு நாள் அவசரமாக அது தேவைப்படும். உடனே சாவியைப் போட்டு செல்ஃபை அமுக்குவோம். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரமாவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான். செல்ஃப் பொத்தான் கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: வண்டி தண்ணீரில் நின்றதா?

வெள்ளம் சக்கரத்தின் பாதி உயரத்துக்கு மேல் ஏறியிருந்தால் சாவியையே திருப்ப வேண்டாம், கிக்கரையும் உதைக்க வேண்டாம். ஏர் ஃபில்டர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான்.

அப்படி நின்ற வண்டியை நின்ற நிலையிலேயே நாலு பக்கமும் போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ மெக்கானிக்கிடம் போங்கள். எஞ்சின் ஆயிலைப் பார்க்கும்போது பால் கலந்த டீயைப் போல் இருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். ஆயிலை முழுவதும் மாற்ற வேண்டும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஐந்து வருடம் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று பலரும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமே. வெள்ளத்தில் நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கு, சொந்த சேதம் என்ற பகுதி நடப்பில் இருக்க வேண்டும். பல பாலிசிகளில் அது ஒரு வருடம்தான். தண்ணீர் புகுந்த எஞ்சினை இயக்கியதால் வந்த சேதம் என்று தெரிந்தால், சொந்த சேதப் பாலிசி இருந்தாலும் பணம் மறுக்கப்படலாம். மழைக்கு முன்பே பாலிசியை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

தண்ணீர் படாமல் நின்ற வண்டி

இது பெரும்பாலும் வீட்டிலேயே சரிசெய்யக் கூடியது. முதலில் ஒரு குச்சியால் வண்டியை நாலு பக்கமும் தட்டுங்கள். சீட்டைத் திறந்தும், முன்பக்கக் கவருக்குள் டார்ச் அடித்தும் பாருங்கள். மழைக்காலத்தில் பாம்பு ஸ்கூட்டருக்குள் ஏறிப் படுப்பது உண்டு. எலி வயரைக் கடித்திருக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டியிலும் சைலன்சர் வாயிலும் கூடு ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பெட்ரோல்: நாம் இப்போது போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடற்கரை ஊரில், பாதி காலியான டேங்கில், மாதக்கணக்கில் நின்றால் அடியில் தண்ணீர் சேர வாய்ப்பு அதிகம். ஓரிரு மாதம்தான் ஆகிறது என்றால் புதுப் பெட்ரோல் இரண்டு லிட்டர் ஊற்றினால் போதும். அதற்கும் மேல் நின்று, புளித்த வாடை அடித்தால் பழையதை வடித்துவிடுவதே நல்லது. 2020 ஏப்ரலுக்கு முன் வந்த ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் கார்புரேட்டர் இருக்கும். அதன் அடியிலுள்ள கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் பிசினாகி, நுண்ணிய துளையை அடைத்துவிடும். கீழே உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி அதை வெளியேற்றலாம். அப்போது பக்கத்தில் அடுப்போ பீடி, சிகரெட்டோ இருக்கக் கூடாது. அதற்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் இருக்கும். அதைக் கழற்றுவது மெக்கானிக் வேலை.

பேட்டரி: வண்டி எடுபடாததற்கு முதல் காரணம் பெரும்பாலும் இதுதான். நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12-க்குக் கீழே போயிருந்தால் செல்ஃப் இழுக்காது, ‘டிக் டிக்’ என்று மட்டும் கேட்கும். கழற்றும்போது நெகடிவ் வயரை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். உப்புக்காற்றில் முனைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும்; அதைத் துடைத்து, கொஞ்சம் வாஸ்லின் தடவினால் மறுபடி பூப்பது குறையும். சார்ஜ் போடக் கொடுக்கும்போது ஸ்கூட்டர் பேட்டரி என்று சொல்லிக் கொடுங்கள். காருக்குப் போடும் வேகத்தில் போட்டால் சின்ன பேட்டரி சூடாகிக் கெட்டுவிடும்.

பிளக்: கழற்றிப் பாருங்கள். கரியும் ஈரமும் இருந்தால் துடைத்து, காயவைத்து, கையால் திருகி நேராக உட்கார்ந்த பிறகே ஸ்பேனரால் இறுக்குங்கள். முனை துருப்பிடித்திருந்தால் புதிதாக மாற்றிவிடலாம்.

எஞ்சினுக்கு முன் பிரேக்

வண்டி ஓடவில்லை என்றால் வீட்டில் நிற்கும்; நிற்கவில்லை என்றால்தான் ஆபத்து. சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் டிரம் பிரேக் துருவேறி ஒட்டிக்கொள்ளும்; கேபிளும் இறுகிவிடும். லீவரை அமுக்கிவிட்டால் அது தானாகத் திரும்ப வேண்டும், சக்கரமும் தடையில்லாமல் சுற்ற வேண்டும். இல்லையென்றால் மெக்கானிக் பிரித்துச் சுத்தம் செய்யாமல் சாலையில் இறங்கக் கூடாது.

டயரில் காற்று எவ்வளவு வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். டயரின் ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் வருடம் 23-ஆம் வாரம் செய்த டயர். பழைய டயர் நூல் தேயாமல் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். ஈரச் சாலையில் வழுக்கும்.

இப்போது ஸ்டார்ட் செய்யலாம்

வண்டியைத் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். மூடிய அறையிலோ தாழ்வாரத்திலோ ஓடவிட்டால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். அதற்கு வாடையும் இல்லை.

கிக்கர் உள்ள வண்டி என்றால் சாவி போடாமல் ஏழெட்டு முறை மெதுவாக உதையுங்கள். காய்ந்து கிடக்கும் பாகங்களுக்கு ஆயில் ஏறும். பி.எஸ்.6 வண்டியில் சாவியைத் திருப்பி, சில நொடி பொறுங்கள். பழைய வண்டியில் சோக் இழுங்கள். செல்ஃபை ஐந்து நொடிக்கு மேல் அமுக்க வேண்டாம். எடுபடவில்லை என்றால் அரை நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். ஐந்தாறு முறைக்கும் எடுபடவில்லை என்றால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவதே சிக்கனம்.

எடுத்ததும் ஆக்சிலேட்டரை முறுக்காமல் மூன்று, நான்கு நிமிடம் தானாக ஓடட்டும். பிறகு தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி இரண்டு பிரேக்கையும் சோதியுங்கள். ஈ.சி.ஆர் சாலைக்குப் போவது அதற்கப்புறம். அதற்கு முன் இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் நடப்பில் உள்ளனவா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய். விபத்து நடந்து ஒருவர் காயப்பட்டால், நஷ்ட ஈடு முழுவதும் நம் குடும்பத்தின் தலையில் விழும். அந்த இழப்போடு பார்த்தால் 2,000 ரூபாய் ஒன்றுமே இல்லை.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு: சார்ஜ் அடியோடு தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் நிறுத்த வேண்டாம், பாதி அளவாவது இருக்கட்டும். வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் கம்பெனி ஆள் பார்க்கும் வரை சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குள்ளும் வைக்காதீர்கள். அந்த பேட்டரி தீப்பிடிக்கக் கூடும்.

அடுத்த மழைக்கு

புரட்டாசி முடிவதற்குள் இவற்றைச் செய்துவிடுங்கள்: டேங்கை நிரப்புவது, நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கி நன்றாகக் காயவைப்பது, மேடான இடத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துவது. பிளாஸ்டிக் உறையால் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். காற்றோட்டமான துணி உறை போதும். வாரம் ஒரு முறை மழை விட்ட நேரத்தில் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டினால், மேலே சொன்ன வேலைகளில் பாதி தேவைப்படாது. ஓட்ட ஆள் இல்லாத வீட்டில் பேட்டரியின் நெகடிவ் வயரையாவது கழற்றி வையுங்கள்.

ஒரு ஸ்கூட்டரை நம்பித்தான் பல வீடுகளில் பிள்ளைகளின் பள்ளியும், தாய்மார்களின் ஆஸ்பத்திரிப் பயணமும், அன்றாடப் பிழைப்பும் நடக்கின்றன. ஒரு காலை நேரத்தை ஒதுக்கி இவற்றைச் செய்தால், இன்ஷா அல்லாஹ், வீண் செலவும் வழியில் வரும் ஆபத்தும் குறையும். பக்கத்து வீட்டில் ஆண்கள் ஊரில் இல்லாமல் வண்டி நின்றுகிடந்தால், அதையும் ஒரு கை பார்த்துக் கொடுங்கள்.