கொடுப்பதானால் எழுதிக் கொடுங்கள்

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் எங்கள் டிடிபி கடை. மாசிப் பிரம்மோற்சவம் நெருங்கினால் மகிழடி சேவை உபயதாரர் நோட்டீஸ். மற்ற மாதங்களில் கல்யாணப் பத்திரிகை, தொழிற்சங்கத் துண்டறிக்கை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கடையின் பழைய கோப்புகளில் பாதிக்கு மேல் பாமினி, வானவில் மாதிரியான யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழே தெரியாது. பாமினியில் அடித்த ‘அம்மா’, எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று ஆங்கிலக் குப்பையாக வந்து நிற்கும்.

இதற்கு என் அக்கா மகள் பைத்தானில் ஒரு நிரல் எழுதினாள். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் வேலை முடியாது. பழைய எழுத்துருவில் ‘கெ’ அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் ‘க’. யுனிகோடில் ‘க’தான் முதலில். ‘கொ’ என்றால் முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால், இரண்டையும் சேர்த்து ஒரே குறியாக்க வேண்டும். அதையெல்லாம் சரிக்கட்டி நிரலை, நிரல்கள் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டாள். சில வாரத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அச்சகத்துக்காரர் எழுதினார். அங்கே பாமினிக் கோப்புகள் மலையாகக் கிடக்கின்றனவாம். “உங்கள் நிரலை எங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ள விருப்பம். உரிமம் எதுவும் காணவில்லையே?” என்று கேட்டிருந்தார்.

கடையில் பேப்பர் வெட்டும் தம்பிக்குச் சிரிப்பு. “பொதுவுல போட்டாச்சுல்ல, எடுத்துக்கினு போகட்டும். இதுக்கு ஏன்க்கா பர்மிஷன்?”

“பார்க்கறதுக்குப் போட்டேன்டா. எடுத்துக்கலாம்னு எங்கயும் எழுதல. எழுதலன்னா சட்டப்படி இல்லன்னுதான் அர்த்தம்.”

தம்பி கேட்டதைத்தான் ஊரில் பாதிப் பேர் கேட்பார்கள். அவள் சொன்ன பதில் சட்டத்தில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. 1984-இல் செய்த திருத்தத்தில் கணினி நிரலும் அதற்குள் வந்தது. சட்டத்தின் கண்ணில் நிரல் ஓர் ‘இலக்கியப் படைப்பு’. கவிதைக்கும் நாவலுக்கும் உள்ள உரிமை அதற்கும் உண்டு. பதிவு செய்ய வேண்டியதில்லை, முத்திரை வேண்டியதில்லை. எழுதி முடித்த கணமே உரிமை எழுதியவருக்கு. அவர் ஆயுள் முழுக்க இருக்கும். போன பிறகும் 60 ஆண்டு இருக்கும். பாமினி என்று ஒன்று இருந்ததையே உலகம் மறந்த பிறகும் என் அக்கா மகளின் பாமினி நிரலுக்குக் காவல் நீடிக்கும். அனுமதியில்லாத நகல் என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் ஓட்டினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. வியாபார லாபத்துக்காக இல்லையென்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம்.

கிட்ஹப்பில் பொதுவாகப் போட்டால், மற்றவர்கள் அந்தத் தளத்துக்குள்ளே பார்க்கலாம், ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். தளத்தின் விதிமுறை கொடுக்கும் அனுமதி அவ்வளவுதான். எங்கள் பக்கத்து கன்டெய்னர் யார்டுகளில் தினமும் பார்க்கிற கதை இது: பெட்டி கண்ணெதிரே நிற்கும், உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியும், டெலிவரி ஆர்டர் வராமல் கேட்டைத் தாண்டாது. நிரலுக்கு அந்தக் காகிதம்தான் உரிமம்.

வேலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது அந்த வேலையின் பகுதியாக எழுதிய நிரல், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பிரிவு 17-இன்படி முதலாளிக்குச் சொந்தம். அதை ஊருக்குக் கொடுக்க எழுதியவருக்கே அதிகாரம் இல்லை.

இரண்டு வழி

திறந்த மூல உரிமங்கள் நிறைய உண்டு. சாதாரணமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு வகை.

முதல் வகைக்கு எம்ஐடி உரிமம் உதாரணம். அரைப் பக்கம்கூட வராது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். எழுதியவர் பெயருள்ள உரிமை வரியையும் உரிம வாசகத்தையும் மட்டும் நீக்கக் கூடாது. இன்னொரு வகை ஜிபிஎல். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார். 1991-இல் இரண்டாவது, 2007-இல் மூன்றாவது. லினக்ஸின் உட்கரு இரண்டாம் பதிப்பின்கீழ் இருக்கிறது. எடுத்து மாற்றி இன்னொருவருக்குக் கொடுத்தால், மாற்றிய மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுத்தாக வேண்டும் என்பதுதான் இதன் கட்டாயம். சொந்தக் கடைக்குள் வைத்து ஓட்டிக்கொண்டால் யாருக்கும் எதுவும் காட்ட வேண்டாம்.

இரண்டிலும் பொதுவாக ஒரு பத்தி இருக்கும்: இந்த நிரலுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. என் தொழிலில் இதன் அருமை தெரியும். யாரோ ஓர் அச்சகத்தில் நிரல் ஓடி, பத்திரிகையில் முகூர்த்த நேரம் மாறி அச்சாகிவிட்டால், இலவசமாக எழுதிக் கொடுத்த பெண்ணிடம் வந்து நஷ்டஈடு கேட்கக் கூடாது. உரிமம் எடுப்பவருக்கு மட்டுமல்ல, கொடுப்பவருக்கும் காப்பு.

இதெல்லாம் நீதிமன்றத்தில் நிற்குமா? நின்றிருக்கிறது. அமெரிக்காவில் பெர்க்லி இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் ஜேக்கப்சன், பொம்மை ரயில்களை இயக்கும் மென்பொருள் திட்டம் ஒன்றை நடத்திவந்தார். அதிலிருந்து எடுத்த ஒருவர் ஆசிரியர் பெயரையும் உரிமக் குறிப்புகளையும் விட்டுவிட்டார். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. இலவசமாகக் கொடுத்தாலும் அதற்கு வைத்த நிபந்தனைகள் காப்புரிமையால் காக்கப்படும் என்று 2008-இல் தீர்ப்பு வந்தது.

தமிழில் யார் எதைத் தேர்ந்தார்கள்?

முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ தமிழிலேயே நிரல் எழுத ஒரு மொழி; அது ஜிபிஎல். அவர் தொடங்கிப் பலர் சேர்ந்து வளர்த்த ‘ஓப்பன் தமிழ்’ என்ற பைத்தான் நூலகம் எம்ஐடி. தமிழ் எழுத்துகளை எண்ணுவது, பழைய குறியாக்கங்களை மாற்றுவது போன்ற அடிப்படை வேலைகளை அது செய்யும். மூடிய மென்பொருள் விற்கும் நிறுவனமும் தயங்காமல் எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். ஒரே ஆள், இரண்டு பொருள், இரண்டு உரிமம்.

இ-கலப்பை நினைவிருக்கும். தமிழ்த் தட்டச்சைப் பலர் கற்றது அதில்தான். ஆரம்பப் பதிப்புகள் இன்னொரு நிறுவனத்தின் கீமேன் என்ற மூடிய மென்பொருளை நம்பி ஓடின. அடுத்தவர் வண்டியில் எத்தனை நாள் போவது? மூன்றாம் பதிப்பைப் புதிதாக எழுதி ஜிபிஎல்லில் வெளியிட்டார்கள். பின்னாளில், 2015-இல் கீமேன் எஸ்ஐஎல் அமைப்பின் கைக்கு வந்து, அதுவும் எம்ஐடி உரிமத்தில் திறந்துவிட்டது தனிக்கதை.

எங்களுக்கு நெருக்கமானது எழுத்துரு. ரெட் ஹாட் 2004-இல் வெளியிட்ட லோஹித் எழுத்துருக்களில் தமிழும் ஒன்று. முதலில் ஜிபிஎல்லில் இருந்தது, 2011-இல் ஓஎஃப்எல் என்ற, எழுத்துருக்களுக்கான தனி உரிமத்துக்கு மாறியது. ஜிபிஎல் எழுத்துருவை ஒரு பிடிஎஃப்-க்குள் பதித்தால் அந்த ஆவணத்துக்கும் நிபந்தனை ஒட்டுமா என்ற குழப்பம் உண்டு. ஓஎஃப்எல்லில் பதில் தெளிவு: எழுத்துருவைக் கொண்டு செய்த ஆவணத்தை உரிமம் கட்டுப்படுத்தாது; எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. பொருளுக்கேற்ற உரிமம் என்பது இதுதான்.

கட்டுரைக்கும் படத்துக்கும் ஏற்ற கிரியேட்டிவ் காமன்ஸை நிரலுக்குப் போட வேண்டாம் என்று அந்த அமைப்பே சொல்கிறது. நிரல் எழுதுவோரின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2008-இலிருந்து பதில்களோடு நிரல் துண்டுகளும் அதே உரிமத்தில்தான் இருக்கின்றன. நிரலை மட்டும் எம்ஐடிக்கு மாற்ற 2015 டிசம்பரில் யோசனை வைத்தார்கள். எழுதிக் கொடுத்தவர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு கிளம்ப, அது கைவிடப்பட்டது. அங்கிருந்து வெட்டி ஒட்டுகிறவர்கள் மூலத்தைச் சொல்லவும் அதே நிபந்தனையில் பகிரவும் கடமைப்பட்டவர்கள்.

எங்கள் கடையில் என்ன ஆனது?

நான் ஜிபிஎல் கட்சி. பூட்டுச் சாவியைக் கணினியில் செருகினால்தான் திறக்கும் தமிழ் மென்பொருளுக்குக் காசு கட்டிய தலைமுறை நான். சும்மா எடுத்துப் பூட்டி விற்க விடுவானேன் என்பது என் கேள்வி. “அந்த யாழ்ப்பாணத்துக்காரர் மென்பொருள் மூடினது மாமா. ஜிபிஎல் போட்டா அவரால சேர்க்க முடியாது. கோப்பு மாறணுமா, நம்ம கோபம் ஜெயிக்கணுமா?” என்றாள் அக்கா மகள். எம்ஐடி ஆனது. அவளே ஓப்பன் தமிழிலிருந்து சில அட்டவணைகளை எடுத்திருந்ததால் அவர்களின் உரிமை வரியும் அப்படியே உள்ளே இருக்கிறது.

செய்தது இவ்வளவுதான். ‘லைசென்ஸ்’ என்று ஒரு கோப்பு, அதில் உரிம வாசகமும் ஆண்டும் பெயரும். ஒவ்வொரு நிரல் கோப்பின் தலையிலும் எந்த உரிமம் என்று ஒற்றை வரி. அதை எழுத எஸ்பிடிஎக்ஸ் என்ற பொது வடிவம் இருக்கிறது. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

அந்த வேலையைச் செய்யாமல் போனவர்களின் பொருள் எங்கள் அலமாரியில் இருக்கிறது. ‘இலவசத் தமிழ் எழுத்துருக்கள்’ என்று எழுதிய சிடிக்கள். வடித்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, உரிமம் இல்லை. அழகான எழுத்துகள், யுனிகோடுக்கு மாற்றி வெளியிட ஆசை. யாரைக் கேட்பது?

பாரதி 1921-இல் மறைந்தார். அவர் எழுத்து நாட்டுக்குச் சொந்தமாக, 1949-இல் சென்னை மாகாண அரசு உரிமையை வாங்க வேண்டியிருந்தது. அந்த நெடுங்கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ என்ற நூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். மகாகவிக்கு அரசு வந்தது. கொம்பும் காலும் மாற்றும் நிரலுக்கு எந்த அரசும் வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்தால்தான் உண்டு.