இரண்டு தொண்டைகள், ஒரே குரல்

1994இல் வெளிவந்த ‘ஃபாரினெல்லி’ படத்தின் தொடக்கப் பகுதியில் ஓர் இளம் பாடகனும் எக்காளம் ஊதுபவரும் போட்டியிடுகிறார்கள். எக்காளம் ஒரு சுவரத்தைப் பிடித்து நீட்டுகிறது. பாடகனின் குரல் அதைத் தாண்டி இன்னும் மேலே ஏறி நிற்கிறது. 1722 வாக்கில் ரோமில் இப்படியொரு போட்டி நடந்ததாக இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி எழுதியிருக்கிறார். ஆனால் படத்தில் நாம் கேட்கும் அந்தக் குரல், உலகில் பிறந்த எந்த ஒரு மனிதருடையதும் அல்ல.

கார்லோ ப்ரோஸ்கி என்ற ஃபாரினெல்லி 1705இல் இத்தாலியின் ஆந்திரியாவில் பிறந்தார். அண்ணன் ரிக்கார்தோ ஓபரா இசையமைப்பாளர். அண்ணன் எழுத, தம்பி பாட, இருவரையும் சுற்றிப் படத்தைப் பின்னியிருக்கிறார் பெல்ஜிய இயக்குநர் ஜெரார் கோர்பியோ.

தம்பியின் குரலுக்குக் காரணம் ஒரு கொடுமை. பருவமடையும் முன்பே சிறுவர்களின் விதைகளை அகற்றி, ‘காஸ்ட்ராட்டோ’ எனப்படும் பாடகர்களாக்கும் வழக்கம் அன்றைய இத்தாலியில் இருந்தது. பருவ வயதில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன்தான் ஆண்களின் குரல்நாண்களை நீளமாகவும் தடிமனாகவும் ஆக்கி, குரலை ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறக்குகிறது. அது சுரக்காதபோது குரல்நாண்கள் குட்டையாகவே நின்றுவிடுகின்றன. உடம்பு மட்டும் வளர்கிறது. அதுவும் வழக்கத்தைவிடக் கூடுதலாக. எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளை மூடச்சொல்லும் ஹார்மோன்கள் குறைந்துபோவதால் கைகால்கள் நீண்டுகொண்டே போகும். சிறுவனின் குரல்நாண்களுக்குப் பெரியவனின் நுரையீரல் காற்றைத் தருகிறது. இந்தச் சேர்க்கை இயற்கையில் அமைவது மிக அரிது.

இன்று அப்படிப் பாட யாரை அழைப்பது? படக்குழு இருவரை அழைத்தது. அமெரிக்கப் பாடகர் டெரெக் லீ ராகின் ஒரு கவுண்டர்டெனர், அதாவது பெண்குரல் உயரத்தில் பாடும் ஆண்; கீழ்ப்பகுதிகள் அவருக்கு. போலந்தின் சொப்ரானோ பாடகி ஏவா மாவாஸ்-கோட்லெவ்ஸ்காவுக்கு உச்சப் பகுதிகள். கிறிஸ்தோஃப் ரூசேயின் இசைக்குழுவோடு இருவரும் பாடினார்கள். ஒரே பாட்டுக்குள், சில இடங்களில் ஒரே வரிக்குள், குரல் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறுகிறது. வெறுமனே வெட்டி ஒட்டினால் மாறும் இடம் காதில் உறுத்தும்.

அந்த ஒட்டை மறைத்தது பாரிசின் ‘இர்காம்’ ஒலி ஆய்வு நிறுவனம். ஒரே சுவரத்தை ஒலித்தாலும் வீணையும் புல்லாங்குழலும் வேறுவேறாகக் கேட்கின்றன அல்லவா? ஒவ்வொரு சுவரத்துக்குள்ளும் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று பல அதிர்வுகள் சேர்ந்திருக்கின்றன; அவற்றின் அளவு வேறுபடுவதால்தான் ஒலியின் நிறம் வேறுபடுகிறது. மனிதக் குரலில் எது ஓங்கும், எது அடங்கும் என்பதைத் தொண்டையும் வாயும் முடிவுசெய்கின்றன. ராகின் ஒவ்வோர் உயிரொலியையும் பாடும்போது இந்த ஏற்ற இறக்கம் எப்படி இருக்கிறது என்று பொறியாளர்கள் அளந்தார்கள். பிறகு பாடகியின் குரலிலுள்ள அதிர்வுகளை அந்த அளவுக்கு நெருக்கமாகத் திருத்தினார்கள். சுருதியும் உச்சரிப்பும் பாவமும் பாடகியுடையவை. குரலின் நிறம் மட்டும் மாறியது. 1990களின் கணினிகளைக் கொண்டு இதைச் சாதித்தது எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

வாழ்க்கைக் கதையில் படம் ஏராளமாகக் கற்பனை செய்திருக்கிறது. தம்பிக்கு நேர்ந்த கொடுமையின் பழியை அண்ணன் தலையில் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் அவருடைய உடம்பின் உண்மையை எலும்புகள் சொல்லின. 2006இல் பொலோன்யாவின் செர்தோசா கல்லறையைத் திறந்து ஃபாரினெல்லியின் எலும்புகளை ஆராய்ந்தார்கள். அவர் 77 வயதில் இறந்தவர். இளம் வயதிலேயே மறைந்திருக்க வேண்டிய வளர்ச்சித் தட்டுகளின் கோடுகள் அந்த எலும்புகளில் அப்போதும் தெரிந்தன. நெற்றி எலும்பின் உட்புறம் தடித்திருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படும் இம்மாற்றம் ஆண்களிடம் அரிது.

படத்தின் குரலை ஃபாரினெல்லியின் குரலாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது நல்ல அறிவியலும் நல்ல காதும் சேர்ந்து செய்த ஊகம். அசல் காஸ்ட்ராட்டோ குரலைக் கேட்க விரும்பினால், வாத்திக்கன் சிஸ்டைன் தேவாலயப் பாடகர் அலெஸ்ஸாந்த்ரோ மொரெஸ்கியின் இசைத்தட்டுகளைத் தேடுங்கள். 1902, 1904 ஆண்டுகளில் பதிவானவை. கரகரப்புக்கு நடுவே பொறுமையாகக் கேட்க வேண்டும். தனிப்பாடலாகத் தன் குரலைப் பதிவுசெய்து விட்டுப்போன ஒரே காஸ்ட்ராட்டோ அவர்தான்.