எழுத்தர் குலத்தின் பெயர்

ஐரோப்பியக் குடிப்பெயர்களுள் மிகப் பழையவற்றை ஆராய்வோர், அயர்லாந்தின் மேற்கே உள்ள கால்வேப் பகுதியை மறவார். அங்கிருந்த சிற்றரசனொருவன் கி. பி. 916 இல் இறந்தான் என அந்நாட்டு ஆண்டுக்குறிப்புகள் கூறுகின்றன. அவன் பெயர் திகர்னாக் ஓ கிளேரி.

'ஓ' என்னும் ஐரிஷ் சொல் பேரனையும் அவன் வழித்தோன்றலையும் குறிக்கும். பாட்டன் பெயரைத் தாங்குபவனை நாம் 'பெயரன்' என்கிறோமல்லவா? 'கிளேரி' இலத்தீன் வழி வந்தது. சமயகுரு, எழுத்தறிந்தவன் என்னும் பொருளது.

13 ஆம் நூற்றாண்டில் நோர்மானியர் கைப்பட்ட கால்வேயில் இக்குலத்தார் நிலமிழந்து சிதறினர். வடமேற்கே டொனகோலிற் குடியேறிய கிளையினர், ஓ டொனல் அரசர்க்கு வரலாற்றாசிரியராயினர். பெயருக்கேற்ற தொழிலே வாய்த்தது! 1607 இல் அவ்வரசர் நாட்டை நீங்க, ஆதரவும் அற்றது. அந்நிலையிலும் இக்குலத்துத் துறவியாகிய மிக்கேல் ஓ கிளேரி, பழைய ஏடுகளை ஊரூராகத் தேடிப் படியெடுத்தார். அவரும் துணைவரும் 1632 முதல் 1636 வரை உழைத்துத் தொகுத்ததே 'நான்கு ஆசிரியர் ஆண்டுவரலாறு'.

ஆங்கில ஆட்சியில் 'ஓ' உதிர்ந்தது. பலர் கிளியரி என வழங்கினர். சிலர் பொருளொத்த ஆங்கிலப் பெயராகிய கிளார்க்கை ஏற்றனர். ஆதலால் ஓ கிளேரி என்னும் முழுப்பெயர் இன்று அருகியே காணப்படுகிறது. பிறர் குலப்பெயர்களை ஏட்டிற் காத்தவர், தம் பெயரை நாவிற் காக்க இயலாது போயினர். கிளார்க் என்னும் ஐரிஷ்காரர் ஒருவரைக் காணின், அப்பெயருள் ஓர் எழுத்தர் குலம் மறைந்திருத்தல் கூடும் என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.