கற்பித்தவர் தங்கினார்



மோவாபு நாட்டுப் பெண்ணான ரூத்து, தம் மாமியார் நகோமியைப் பிரிய மறுத்து, அவருடைய மக்களையே தம் மக்களாகவும், அவர் அடக்கம் செய்யப்படும் மண்ணையே தம் கல்லறை மண்ணாகவும் ஏற்றுக்கொண்டார் (ரூத்து 1:16-17). பெத்லகேமுக்கு அந்நியராக வந்த அவரது பெயர், ஆண்டவர் இயேசுவின் மூதாதையர் பட்டியலில் இன்றும் நிலைத்திருக்கின்றது (மத்தேயு 1:5). ஒரு நாட்டிற்குச் செல்வது வேறு. அந்நாட்டு மக்களுள் ஒருவராகிவிடுவது வேறு.

திருச்சபையின் தொண்டராக ஓராண்டோ ஈராண்டோ வேற்று நாட்டில் தங்கி ஆங்கிலம் கற்பிக்கும் இளையோர் உலகெங்கும் உள்ளனர். அப்பணி போற்றத்தக்கது. ஆனால் அப்பணிக்காக வந்து, வாழ்நாள் முழுவதையும் இங்கேயே ஈந்தவர்களை நம் மட்டக்களப்பு மண் அறியும்.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து இளம் இயேசு சபைத் துறவியர் கிழக்கிலங்கைக்கு வந்தனர். அவர்களுள் பெஞ்சமின் ஹென்றி மில்லரும் யூஜின் ஹேபர்ட்டும் இருபதுகளில் நின்ற இளைஞர்கள். பிரெஞ்சு இயேசு சபையினர் வளர்த்தெடுத்த புளியந்தீவின் புனித மிக்கேல் கல்லூரியும், திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியும் இத்தகையோரின் பணிக்களங்களாயின. இவர்கள் வகுப்பறையில் ஆங்கிலம் கற்பித்தனர். மாலையில் மாணவரோடு கூடைப்பந்தாட்டக் களத்தில் இறங்கினர். அவ்விளையாட்டில் மிக்கேல் கல்லூரி நாடறியப் பெயர் பெற்றது. அவ்வழி வந்த வெபர் அடிகளாரின் பெயரையே மட்டக்களப்பு மைதானம் தாங்கி நிற்கின்றது.

ஆங்கிலம் கற்பிப்பவர் ஒரு கதவைத் திறந்துவிடுகின்றார். கற்றவர் அக்கதவின் வழியே கொழும்புக்கும், இலண்டனுக்கும், ரொறன்ரோவுக்கும் செல்கின்றார். இதில் குற்றமில்லை, கல்வியின் பயன்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். அம்மொழி தெரிந்த மாணவர் பலர் புறப்பட்டுச் சென்ற பின்னும், அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இவ்வாவிக் கரையிலேயே தங்கினார்கள்!

எளிதான காலத்தில் தங்குவது பெரிதன்று. 1990ஆம் ஆண்டு நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது கிழக்கு மாகாணம் கண்ணீரில் மிதந்தது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையவர் வெளியேறியிருக்கலாம், யாரும் பழித்திருக்கமாட்டார்கள். ஹேபர்ட் அடிகளார் வெளியேறவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 15, அன்னை மரியாளின் விண்ணேற்புப் பெருவிழா நாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி ஸ்கூட்டரில் புறப்பட்டார். உடன் ஒரு தமிழ் இளைஞர் இருந்தார். இருவரும் வந்துசேரவில்லை. இன்றுவரை அவர்களின் உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. காணாமற்போன பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் எத்தனையோ தாய்மாரின் துயரத்தில், அந்த அமெரிக்கக் குருவும் இவ்வாறு பங்காளியானார்.

மில்லர் அடிகளார் காணாமற்போனோரின் பெற்றோருக்குத் துணை நின்றார். மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் பணியாற்றினார். நடந்த கொடுமைகளைப் பதிவுசெய்து வைத்தார். போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டில் முதுமையின் நிமித்தம் தாயகம் சென்றார். அங்கே அவர் மனம் ஒன்றவில்லை. எண்பது வயதைத் தாண்டியவர் மட்டக்களப்புக்கே திரும்பி வந்தார். 2019ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில், தம் 93ஆவது வயதில், இம்மண்ணிலேயே கண்மூடினார்.

இறைமக்களே, இவர்களின் வாழ்வு நம் குடும்பங்களுக்கு உணர்த்துவது என்ன?

நம் பிள்ளைகள் இன்று பல நாடுகளில் வாழ்கின்றனர். ஊதியம், வீடு, குடியுரிமை ஆகியவை பற்றித் தொலைபேசியில் கேட்கும் நாம், "உன் அயலவர் யார்? உன் பங்கில் நோயுற்றோரை நீ சந்திப்பதுண்டா?" என்று கேட்கின்றோமா? சென்ற நாட்டில் பெறுபவராக மட்டுமன்றிக் கொடுப்பவராகவும் வாழ்வதே கிறிஸ்தவ அழைப்பு.

இங்கிருப்போருக்கும் ஓர் அழைப்பு உண்டு. தொண்டராவதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. வாவியைக் கடந்தாலே போதும். படுவான்கரைச் சிற்றூர்களின் பிள்ளைகளும் ஆங்கிலம் கற்க ஏங்குகின்றனர். நகரில் நன்கு கற்ற இளைஞரும், ஓய்வுபெற்ற ஆசிரியரும் வாரத்தில் ஒரு மாலையை அவர்களுக்கு ஒதுக்க இயலாதா? ஒன்றை மட்டும் மறவாதீர்கள். பாடம் முடிந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவரைப் பிள்ளைகள் விரைவில் மறந்துவிடுவர். பாடம் முடிந்த பின்னும், "வீட்டில் எல்லோரும் நலமா? நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்பவரையே அவர்கள் தம்மவராக ஏற்றுக்கொள்வர். தங்கிய ஆண்டுகளின் எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றுபோல் வாய்ப்பதில்லை. பிறர் துயரைத் தம் துயராக ஏற்கும் உள்ளம் எவருக்கும் வாய்க்கக் கூடியதே.

வானகம் விட்டு நம்மிடையே வந்து, துன்ப வேளையிலும் நம்மைக் கைவிடாத இயேசுவே, நாங்கள் எந்நாட்டில் வாழ்ந்தாலும், அங்குள்ளோரை எம் மக்களாக ஏற்று அன்புசெய்ய வரம் தாரும். ஆமென்.